அரை டிகிரி

சென்ற தை மாதத்தில் நமது நண்பர் ஒருவருடைய இல்லத்தில் இரண்டு தினங்கள் தங்கும்படி நேர்ந்தது. விடியற்காலையில், காபியின் வாசனை வருவதற்கு முன்னதாகவே ஒரு குரல் வந்தது. "இன்றைக்கு எத்தனை, அம்மா?" என்று நண்பரின் தாயார் கூடத்திலிருந்து கேட்டார். "97.4" என்று அறைக்குள்ளிருந்து மெல்லிய குரலில் பதில் வந்தது. உடனே கூடத்திலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு எழுந்தது.

வீட்டில் யாருக்கோ ஜுரம் போலும் என்று முதலில் எண்ணினோம். ஆனால் 97.4 டிகிரிக்கு யாராவது பெருமூச்சு விடுவார்களா? மறுநாள் காலையிலும் அதே கேள்வி, அதே பதில், அதே பெருமூச்சு. போதாக்குறைக்கு அன்று நண்பரின் மனைவிக்குச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயம் ஒரு பெரிய டம்ளர் நிறையக் கொடுக்கப்பட்டது. உஷ்ணம் ஏறினால் கவலைப்படுகிற வீடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறோம். உஷ்ணம் ஏறவில்லையே என்று கவலைப்படுகிற வீட்டை அன்றுதான் பார்த்தோம்.

விஷயம் இதுதான். நண்பருக்குக் கல்யாணம் ஆகி நான்கு வருஷங்கள் ஆகின்றன. குழந்தை இல்லை. தினமும் காலையில் ஸ்திரீயின் தேக உஷ்ணத்தைக் குறித்து வந்தால் கருத்தரிக்கும் காலம் தெரியும் என்று யாரோ அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது முழுப் பொய்யல்ல; அதுதான் சங்கடம். பாதி உண்மையைக் கேட்டுக்கொண்டு அந்த வீடே தெர்மாமீட்டரின் பாதரசக் கோட்டில் தொங்கிக் கொண்டிருந்தது. பாதரசம் ஏறாத பழியோ மருமகளின் தலையில் ஏறிற்று. அந்தப் பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாக வேலை பார்க்கிறாள். நூறு குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவளுக்குத் தன் வீட்டுக் கணக்கை எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் நண்பர் கேட்டுக்கொண்டபடியால் இவ்விஷயத்தைப் பற்றி விசாரித்தோம், படித்தோம். அறிந்ததை நமது வாசகர்களுக்கும் சொல்லுவது நலம் என்று தோன்றியது. அந்த வீட்டைப் போன்ற வீடுகள் நம் நாட்டில் ஒன்றிரண்டல்லவே?

மனித தேகத்தின் உஷ்ணத்தை அளந்து பார்க்கும் வழக்கம் வைத்திய உலகில் வேரூன்றியது ஜெர்மனியில். லைப்ஸிக் நகரத்து வுண்டர்லிஷ் என்னும் வைத்தியர் சுமார் 25,000 நோயாளிகளின் உஷ்ணத்தைக் குறித்து வைத்து, 1868-ஆம் ஆண்டில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். நாம் இன்றும் ஒப்புவிக்கும் 98.6 என்ற எண் அவருடைய உபயம்தான். அவர் உபயோகித்த தெர்மாமீட்டர் ஏறக்குறைய ஒரு அடி நீளம் இருந்தது. அதைக் கால் மணி நேரத்துக்கு மேல் அக்குளில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டைப் பையில் அடங்கும் சிறு தெர்மாமீட்டரை இங்கிலாந்தில் ஆல்பட் என்பவர் அதே காலத்தில் செய்து கொடுத்திராவிட்டால், அது வீடுகளுக்குள் நுழைந்தே இராது.

நிற்க. ஆரோக்கியமான ஸ்திரீயின் உஷ்ணம் மாதத்துக்குள்ளேயே மாறுகிறது என்பதைக் கண்டு எழுதியவர்களில் முக்கியமானவர் ஒரு பெண்மணி. அவர் வரலாறு சிறிது விரிவாகச் சொல்லத் தக்கது.

1873-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்து எட்வர்ட் கிளார்க் என்னும் பெரிய வைத்தியர் ஒரு புத்தகம் எழுதினார். பெண்கள் ஆண்களைப் போல் உயர்தரக் கல்வி கற்கப் புகுந்தால் அவர்களுடைய கர்ப்ப உறுப்புக்கள் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. புத்தகம் அமோகமாக விற்பனையாயிற்று. பெண்களைப் படிக்கவிடாமல் தடுக்க ஒரு காரணம் கிடைத்தால், அதை விலை கொடுத்து வாங்க எந்த நாட்டிலும் ஆட்கள் இருப்பார்கள் போலும்! பிறகு ஹார்வர்டு சர்வகலாசாலையார் மாதவிடாய்க் காலத்தில் ஸ்திரீகளுக்கு ஓய்வு அவசியமா என்ற கேள்விக்குச் சிறந்த கட்டுரை எழுதுவோருக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். எழுதியவர் பெயர் தெரியாதபடி கட்டுரைகளை அனுப்ப வேண்டும் என்பது விதி. 1876-இல் பரிசு பெற்ற கட்டுரையின் உறையைப் பிரித்தபோது, எழுதியவர் நியூயார்க் நகரத்து மேரி புட்னம் ஜேகபி என்னும் பெண் வைத்தியர் என்று தெரிந்தது.

அவர் வெறும் வாதம் செய்யவில்லை. நூற்றுக்கணக்கான ஸ்திரீகளிடமிருந்து கேள்விகளுக்கு விடை வாங்கினார். சிலருடைய நாடியையும் தேக உஷ்ணத்தையும் நாள்தோறும் குறித்தார். மாதவிடாய்க்கு முந்திய தினங்களில் உஷ்ணம் சிறிது உயர்ந்து நின்று, பின்னர் இறங்குவதைக் கண்டார். இது இயற்கையின் ஒழுங்கான ஏற்ற இறக்கமேயன்றி வியாதியல்ல என்றும், சாதாரண ஆரோக்கியமுள்ள பெண் அந்நாட்களில் படுத்துக் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை என்றும் எழுதினார். பரிசு கொடுத்த அதே ஹார்வர்டின் வைத்தியக் கல்லூரி பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டது 1945-ஆம் ஆண்டில்தான்! எப்படியாயினும், ஸ்திரீயின் உஷ்ணக் கணக்கை ஜேகபி எடுத்தது அவளுக்குப் பரிந்து பேசுவதற்காக என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நமது நண்பரின் வீட்டில் அதே கணக்கு அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக் கொண்டிருந்தது.

அந்த ஏற்றத்துக்குக் காரணம் பின்னால் தெரிந்தது. ஹாலந்து தேசத்து வான் டி வெல்டெ என்னும் வைத்தியர், உஷ்ணம் ஏறுவதற்கும் சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிப்படுவதற்கும் சம்பந்தம் உண்டு என்று காட்டினார். ஜப்பானில் நீகாட்டா நகரத்து ஓகினோ என்னும் வைத்தியர் 1924-ஆம் ஆண்டில் மற்றொரு உண்மையை வெளியிட்டார். கருமுட்டை வெளிப்படும் தினத்தைச் சென்ற மாதவிடாயிலிருந்து எண்ணிப் பயனில்லை. அடுத்து வரப் போகும் மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்னால் அது நிகழ்கிறது என்றார். இருபத்தெட்டு நாட்களுக்கு ஒரு முறை விலக்காகும் பெண்ணுக்கு அது 14-ஆம் நாளை ஒட்டி வரும். முப்பத்திரண்டு நாட்களுக்கு ஒரு முறையானால் 18-ஆம் நாளை ஒட்டி வரும். எல்லாப் பெண்களுக்கும் பதினாலாம் நாள் என்று விதி எழுதி வைப்பது பிசகு.

கருமுட்டை வெளிப்பட்ட இடத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு திரள் உண்டாகிறது. அது புரொஜெஸ்டிரோன் என்னும் சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. கர்ப்பப்பையைக் கருவுக்கு மெத்தைபோல் சித்தப்படுத்துவது இச்சுரப்பின் வேலை. போகிற போக்கில் மூளையில் உஷ்ணத்தை ஆளும் பகுதியையும் சற்றுத் தட்டிவிடுகிறது. அதனால் தேகம் ஏறக்குறைய அரை டிகிரி பாரன்ஹீட், சிலருக்கு ஒரு டிகிரி வரை, உயர்ந்து நிற்கிறது. கருத் தங்காவிட்டால் சுமார் இரண்டு வாரத்தில் அந்தத் திரள் வாடுகிறது; சுரப்புக் குறைகிறது; உஷ்ணம் இறங்குகிறது; மாதவிடாய் வருகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவு. உஷ்ணம் ஏறுவது கருமுட்டை வெளிப்பட்டதன் விளைவேயன்றிக் காரணம் அல்ல. சுக்குக் கஷாயம் கொடுத்து உஷ்ணத்தை ஏற்றினால் கருமுட்டை வந்துவிடும் என்று நினைப்பது, சேவலைக் கூவ வைத்துச் சூரியனை வரவழைக்கப் பார்ப்பது போலாகும். நம் வீடுகளில் "உடம்பு சூடு" என்று சொல்லுவது வேறு. தெர்மாமீட்டர் காட்டுவது வேறு. எள்ளுருண்டை தின்றதால் பாதரசம் ஏறியதும் இல்லை. நீராகாரம் சாப்பிட்டதால் கர்ப்பப்பை குளிர்ந்ததும் இல்லை. பாவம், அந்தப் பெண் ஒரு மண்டலம் கஷாயம் குடித்திருக்கிறாள்!

அளக்கும் முறையிலும் நுணுக்கம் உண்டு. நாம் தேடுவது அரை டிகிரி. சாதாரண ஜுரத் தெர்மாமீட்டரில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 0.2 டிகிரி வித்தியாசம். அதாவது, ஒரு மாதத்துக் கதை முழுவதும் இரண்டு மூன்று கோடுகளுக்குள் அடங்குகிறது. கண் சற்றுத் தவறினால் கதையே மாறிவிடும். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் மின் தெர்மாமீட்டர்கள் இப்போது கிடைக்கின்றன, அவை மேல். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுவதற்கு முன், பேச்சுக்கும் தண்ணீருக்கும் முன், நாக்கின் அடியில் வைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். அதற்கு முன் தொடர்ந்து மூன்று மணி நேரமாவது உறங்கியிருக்க வேண்டும். கட்டம் போட்ட காகிதத்தில் புள்ளி வைத்து வந்தால், மாதத்தின் முற்பகுதி தாழ்வாரமாகவும் பிற்பகுதி திண்ணையாகவும் தெரியும். முந்திய ஆறு நாட்களின் புள்ளிகள் எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று நாட்கள் தொடர்ந்து நின்றால் ஏற்றம் உண்மை என்று கொள்ளலாம். ஒரு நாள் மட்டும் உயர்ந்த புள்ளிக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஜலதோஷமோ, தூக்கமில்லாத இரவோ, தாமதமாக எழுந்ததோ அதற்குப் போதும். நமது நண்பரின் வீட்டில் மருமகள் முதலில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, மாமியார் நினைவூட்டிய பிறகு தெர்மாமீட்டரை வைத்துக்கொள்ளுவாளாம். அந்தக் காகிதத்தில் இருந்தது கோலத்தின் உஷ்ணமா, குடத்தின் உஷ்ணமா, யார் கண்டது?

அளவு சரியாகவே இருக்கட்டும். அதனால் என்ன தெரியும்? இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். உஷ்ணம் ஏறுவது கருமுட்டை வெளிப்பட்ட பிறகு. அந்த முட்டை உயிரோடிருப்பது அதிகமாய்ப் போனால் ஒரு நாள். ஆணின் விந்தணுவோ ஸ்திரீயின் தேகத்துக்குள் ஐந்து நாள் வரை காத்திருக்கக் கூடியது. அமெரிக்காவில் வில்காக்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் 221 ஸ்திரீகளைத் தொடர்ந்து கவனித்து 1995-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கருத்தரிக்கக் கூடிய காலம், முட்டை வெளிப்படும் தினத்தோடு முடிகிற ஆறே நாட்கள். ஆகவே தெர்மாமீட்டர் ஏறிவிட்டது என்று நல்ல நாள் பார்ப்பது, வண்டி புறப்பட்டுப் போன பிறகு ஸ்டேஷன் மணியைக் கேட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குச் சமானம். இரண்டு மூன்று மாதத்துக் காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அடுத்த மாதத்தில் எந்த நாட்கள் முக்கியம் என்று உத்தேசமாக ஊகிக்கலாம், அவ்வளவே. அதுவும் மாதவிடாய் ஒழுங்காய் வருகிறவர்களுக்குத்தான்.

பிரிட்டனில் வைத்தியர்களுக்கு வழிகாட்டும் நைஸ் என்னும் நிலையம், உஷ்ணக் காகிதம் முட்டை வெளிப்படும் நாளை நம்பத் தக்க முறையில் முன்கூட்டிச் சொல்லாது. ஆகையால் அதைச் சிபாரிசு செய்வதற்கில்லை என்று 2013-இல் அபிப்பிராயம் வெளியிட்டிருக்கிறது. கர்ப்பப்பை வாயிலிருந்து வரும் திரவம், முட்டையின் வெண்கருவைப் போல் தெளிவாகவும் இழைவாகவும் இருக்கும் நாட்களே உஷ்ணம் ஏறுவதற்கு முந்திய நாட்கள். அவற்றைக் கவனிப்பதற்கு ஒரு காசு செலவில்லை. இது கூடக் கடினமானால், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை தம்பதிகள் சேர்ந்திருந்தாலே போதும், எந்த நல்ல நாளும் தப்பாது என்கிறார்கள் வைத்தியர்கள். தேதி பார்த்து, மணி பார்த்து, கூடத்திலிருந்து குரல் கேட்டு நடத்தும் இல்லறத்தை விட அது உத்தமம் என்பது நமது தாழ்மையான எண்ணம்.

பின்னே உஷ்ணக் கணக்கு வீண்தானா? முழுதும் வீண் என்று சொல்ல மாட்டோம். பல மாதங்கள் சரியாக அளந்தும் ஏற்றமே காணாவிட்டால், அல்லது மாதவிடாய் தாறுமாறாக வந்தால், முட்டை வெளிப்படுகிறதா என்று வைத்தியரிடம் கேட்க அது ஒரு தூண்டுதல். வைத்தியர் இரத்தத்தில் புரொஜெஸ்டிரோனை அளந்து நேராகவே சொல்லிவிடுவார். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியின் கோளாறு, சினைப்பையில் உண்டாகும் நீர்க்கட்டிகளோடு கூடிய கோளாறு முதலியவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஒரு வருஷம் முயன்றும் பலன் இல்லையானால் வைத்தியரிடம் போக வேண்டும். மனைவிக்கு 35 வயதுக்கு மேலானால் ஆறு மாதமே போதும். நான்கு வருஷம் காத்திருந்தது நமது நண்பரின் குற்றம்.

கருத் தங்கிய பின் உஷ்ணம் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுவோம். கரு கர்ப்பப்பையில் பதிந்ததும் தானே ஒரு சுரப்பை உண்டாக்கி, அந்த மஞ்சள் திரளை வாடாமல் காப்பாற்றுகிறது. ஆகையால் உஷ்ணம் இறங்குவதில்லை. ஏற்றம் 18 நாட்களுக்கு மேல் தொடர்ந்து நின்றால் கர்ப்பம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் மருந்துக் கடையில் சிறுநீரைப் பரிசோதிக்கும் அட்டை கிடைக்கும் இந்நாளில், அதற்காகப் பதினெட்டு நாள் பாதரசத்தைப் பார்த்துக்கொண்டிருப்பானேன்? கர்ப்பம் நிச்சயமானதும் தெர்மாமீட்டரை உறையில் போட்டு வைத்துவிட வேண்டும். நாட்கள் செல்லச் செல்ல உஷ்ணம் தானாகவே பழைய நிலைக்கு இறங்கும். அதைக் கண்டு "கரு கலைந்துவிட்டதோ!" என்று நடுங்குகிறவர்கள் பலர். ஒரு நாள் காலையில் 0.4 டிகிரி இறங்கியது எதையும் அறிவிப்பதில்லை. இரத்தப் போக்கும் கடுமையான வயிற்று வலியும்தான் ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டிய அறிகுறிகள்.

இதில் ஒரு துயரமான உண்மையும் உண்டு. மேலே சொன்ன வில்காக்ஸ் கூட்டத்தார் 1988-இல் வெளியிட்ட கணக்கின்படி, பதிந்த கருக்களில் 100-க்கு 31 பிரசவம் வரை போவதில்லை. அவற்றிலும் 22, கர்ப்பம் என்று வைத்தியர் கண்டறிவதற்கு முன்பே போய்விடுகின்றன. அக்காலத்துப் பெண்கள் அதை "இந்த மாதம் நாலு நாள் தள்ளிற்று" என்று எண்ணி மறந்தார்கள். தினமும் அளக்கிறவளோ ஏறிய புள்ளிகளைப் பார்த்து ஆசை வளர்த்து, இறங்கிய புள்ளியைப் பார்த்து அழுகிறாள். ஆரம்பத்தில் நேரும் இத்தகைய நஷ்டங்களில் பெரும்பான்மை, கருவின் அமைப்பிலேயே உண்டான பிழையால் வருவன. மாடிப்படி ஏறியதாலோ, வேலைக்குப் போனதாலோ, நாற்றிசையில் எந்தக் காற்றுப் பட்டதாலோ அல்ல. இதை அவளிடம் ஒருவராவது சொல்ல வேண்டும்.

உண்மையான ஜுரம் வேறு விஷயம். கர்ப்பத்தின் முதல் வாரங்களில் 100.4 டிகிரிக்கு மேல் போனால் அலட்சியம் கூடாது. கடுஞ்ஜுரம் சிசுவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாவதைக் கெடுக்கக் கூடும். வைத்தியரைக் கேட்டு ஜுரத்தை இறக்க வேண்டும். கருத்தரிக்க விரும்பும்போதே தினம் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் சாப்பிடத் தொடங்குவதும் அந்த உறுப்புக்களைக் காக்கும். ஒரு மாதத்துப் போலிக் மாத்திரையின் விலை, ஒரு படி சுக்கின் விலையை விடக் குறைவு!

கடைசியாக, உஷ்ணக் கணக்கு ஆண்பிள்ளைக்கும் உண்டு என்ற சமாசாரம். இதைப் படித்தபோது நமக்கே சற்று வியப்பாயிருந்தது. விந்தணு உண்டாகும் இடம் தேகத்தின் மற்றப் பாகங்களை விடச் சில டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். அதற்காகவே இயற்கை அதை உடலுக்கு வெளியே வைத்திருக்கிறது. கடுஞ்ஜுரம் வந்தால் விந்தணுவின் எண்ணிக்கை குறையும். ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் ஆவதால், அக்குறை சில மாதம் வரை தெரியும். நெருப்பின் முன் நாள் முழுவதும் நிற்கும் வேலை, புகையிலை, நரம்பு வீக்கம் முதலியவையும் கெடுதல் செய்யக் கூடும். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில் கணவன் பக்கத்துக் குறையும் கலந்திருக்கிறது. அதைக் கண்டறியும் பரிசோதனையோ வலியில்லாதது. இரண்டு முதல் ஏழு நாள் விரதம் இருந்து, சோதனைச்சாலையில் ஒரு சிறு குப்பியைக் கொடுத்துவிட்டு வந்தால் முடிந்தது. மனைவி நானூறு காலை நாக்கின் அடியில் கண்ணாடியை வைத்துக்கொண்டிருக்கலாம். கணவன் ஒரு காலை அங்கே போகக் கூடாதா?

இதை நண்பரிடம் சொன்னபோது அவர் முகம் சிவந்தது. "என் தாயார் என்ன நினைப்பார்?" என்றார். "தாயாரிடம் தினமும் காலையில் எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை" என்றோம். இரண்டு வாரம் யோசித்துவிட்டுப் போனார். எண்ணிக்கை குறைவாக இருந்தது. இப்போது சிகிச்சை நடக்கிறது. பலன் தெரியச் சில மாதம் ஆகும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்.

சென்ற வாரம் அந்த வீட்டுக்கு மறுபடியும் போயிருந்தோம். காலையில் குரல் கேட்கவில்லை. நாள்காட்டியின் பக்கத்தில் ஆணியில் தொங்கிய கட்டம் போட்ட காகிதத்தையும் காணவில்லை. நண்பர் தாமே எழுந்து காபி போட்டுக் கொண்டிருந்தார்; மருமகள் பள்ளிக்கூடத்து நோட்டுக்களைத் திருத்திக் கொண்டிருந்தாள். தெர்மாமீட்டர் எங்கே என்று மெதுவாக விசாரித்தோம்.

"அத்தைக்கு இரண்டு நாளாய்ச் சளி ஜுரம். அவர் தலைமாட்டில் இருக்கிறது" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "இன்றைக்கு எத்தனை, அத்தை?" என்று கேட்டாள்.